சாயத்தைக் கடையும் மின்சாரம்

பாட்டி தயிர் கடைவதைப் பார்த்திருக்கிறீர்களா? தயிருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருந்த வெண்ணெய், கடையக் கடையத் திரண்டு மேலே மிதக்கும். சாயத் தண்ணீரையும் கிட்டத்தட்ட இப்படிக் கடையலாம். மத்துக்குப் பதில் மின்சாரம்!

பனியனுக்கு நிறம் ஏற்றும்போது எல்லாச் சாயமும் துணியில் ஒட்டாது. மீதி தண்ணீரோடு வெளியேறும். திருப்பூரில் அந்தத் தண்ணீர் நொய்யல் ஆற்றில் கலந்து, 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கியது. பாசனத்துக்குக் கட்டிய அணை, சாயக்குளமாகிப் போனது. 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடவே சொல்லிவிட்டது.

நிறத்தை நீக்கப் பல வழிகள் உண்டு. அவற்றில் ஒன்றுதான் இந்த மின் கடைசல். 'மின் திரட்டல்' என்பார்கள். தொட்டியில் அலுமினியத் தகடுகளை வரிசையாக நிறுத்தி, மின்சாரம் பாய்ச்ச வேண்டும். ஒரு பக்கத் தகடு மெல்லக் கரையும். ஒரு ஆம்பியர் மின்சாரம் ஒரு மணி நேரம் ஓடினால், கரைவது ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்குதான். எதிர்ப் பக்கத் தகட்டிலோ ஹைட்ரஜன் குமிழிகள் பொங்கும்.

கரைந்த அலுமினியம் தண்ணீரோடு சேர்ந்து, கொழகொழவென்று பஞ்சு போலத் திரளும். அலுமினியத்துக்கு நேர்மின்னேற்றம், பெரும்பாலான சாயத்துக்கு எதிர்மின்னேற்றம். விடுமா? சாயத்தைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். குமிழிகள் அந்தத் திரளைத் தூக்கிக்கொண்டு மேலே வரும். பாட்டி வெண்ணெயை வழிப்பது போல வழித்து எடுத்துவிடலாம். கனமான திரள் அடியில் படியும்.

படிகாரமும் இதே வேலையைச் செய்யும். ஆனால் அதைக் கொட்டினால் தண்ணீரில் சல்பேட் உப்பும் கூடும். தகட்டு முறையில் அந்தத் தொல்லை இல்லை. (வீட்டுப் பிளக்கில் கம்பியைச் செருகிச் சோதித்துப் பார்க்கக் கிளம்பிவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து!)

சரி, வெண்ணெய் எடுத்தாயிற்று. மோர்? அதில் உப்பு அப்படியே இருக்கிறது! பருத்தியில் சாயம் ஏறுவதற்காகப் பட்டறையில் அள்ளிப் போட்ட உப்பு அது. தொட்டியில் மின்சாரம் எளிதாகப் பாய்ந்ததே, அதற்கு உதவியதும் அந்த உப்புதான். ஆனால் மின் திரட்டலால் அதைப் பிடிக்க முடியாது. வயலைக் கெடுப்பதில் நிறத்தைவிட உப்பே பொல்லாதது.

அதனால் நிறம் போன தண்ணீரை மெல்லிய சவ்வுகள் வழியே அழுத்தி வடிகட்டுகிறார்கள். மிஞ்சும் உப்புக் கரைசலைக் காய்ச்சி உப்பைப் பிரிக்கிறார்கள். அந்த உப்பு மறுபடி சாயப்பட்டறைக்கே போகிறது, அடுத்த பனியனுக்கு நிறம் ஏற்ற.