ரவுண்டானாவில் கார் நிற்கும், சைக்கிள் போகும்: கேம்பிரிட்ஜில் என்ன செய்தார்கள்?

ரவுண்டானா பக்கம் ரோட்டைக் கடப்பது எவ்வளவு கஷ்டம்னு யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. சிக்னலில் சிவப்பு விழுந்தால் வண்டிகள் நின்றாக வேண்டும். ரவுண்டானாவில் அப்படி ஒரு நொடி வரவே வராது. உள்ளே நுழையும் டிரைவரின் கண் முழுக்க வலப்பக்கம், அடுத்து எந்தக் கார் வருகிறது என்பதில்தான் இருக்கும். ஓரமாக வரும் சைக்கிள் அவர் கண்ணில் படுவதே லேட்டாகத்தான்.

நம்மைப் போலவே இடப்பக்கம் வண்டி ஓட்டும் பிரிட்டனிலும் இதே பிரச்சினை உண்டு. அங்கே அதிகம் பேர் சைக்கிளில் போகும் ஊர் கேம்பிரிட்ஜ். அந்த ஊரின் ஆடன்புரூக்ஸ் மருத்துவமனைக்கு அருகில் இருக்கிறது ஃபென்டன் ரோடு ரவுண்டானா. 2020 ஜூலை இறுதியில் இதை நெதர்லாந்து பாணியில் மாற்றிக் கட்டித் திறந்தார்கள். நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் இந்த வகையில் பிரிட்டனுக்கு இதுதான் முதல்.

அப்படி என்ன மாறியது?

கார்கள் சுற்றும் வட்டத்துக்கு வெளியே, சைக்கிளுக்கென்று சிவப்பு நிறத்தில் தனி வட்டப் பாதை. அதற்கும் வெளியே நடைபாதை. ஒவ்வொரு சாலையும் வந்து சேரும் இடத்தில் ஜீப்ரா கிராஸிங். கார் உள்ளே நுழையும்போதும் சரி, வெளியேறும்போதும் சரி, நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் வழிவிட வேண்டும்.

பெயின்ட் அடித்து போர்டு வைத்தால் மட்டும் யாரும் வழிவிட மாட்டார்கள். இது எல்லா ஊருக்கும் பொது. சூட்சுமம் வடிவத்தில் இருக்கிறது. பழைய பிரிட்டிஷ் ரவுண்டானாக்கள் பலவற்றில் நுழையும் இடம் அகலமாக விரிந்திருக்கும், பிரேக்கைப் பெரிதாகத் தொடாமலேயே உள்ளே பாய்ந்துவிடலாம். டச்சு முறையில் சாலை வட்டத்தை நேராக வந்து முட்டும். ஒரே லேன், அதுவும் குறுகல். ஸ்டீயரிங்கை நன்றாக ஒடிக்க வேண்டும், அதற்கு வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

அப்போ பஸ், லாரி எப்படித் திரும்பும்? நடுத் திட்டைச் சுற்றி லேசாக உயர்த்திய விளிம்பு ஒன்று உண்டு. நீளமான வண்டிகளின் பின்சக்கரம் அதில் ஏறி இறங்கலாம். கார் ஏறினால் குலுங்கும், அதனால் ஏற மாட்டார்கள்.

இன்னொன்று இடைவெளி. நெதர்லாந்தில் கார் வட்டத்துக்கும் சைக்கிள் பாதைக்கும் நடுவே சுமார் 5 மீட்டர் விடுகிறார்கள். ஒரு கார் நிற்கும் அளவு. வெளியேறும் கார் அதற்குள் திரும்பி முடித்திருக்கும் என்பதால், சைக்கிளை கண்ணாடியில் தேட வேண்டியதில்லை. அது எதிரிலேயே தெரியும்.

இவ்வளவு மெனக்கெடல் எதற்கு? கார் மோதும் வேகம் மணிக்கு 50 கி.மீ.யிலிருந்து 65 ஆனால், நடப்பவர் இறக்கும் ஆபத்து 4.5 மடங்கு கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எல்லாம் சுமுகமா?

இல்லை. திறந்த சில நாட்களிலேயே ஒரு கார் சைக்கிளில் சென்றவரை இடித்துவிட்டு நிற்காமல் போனது. நல்லவேளை, லேசான காயம்தான். சுமார் 8 லட்சம் பவுண்டில் முடியும் என்ற வேலை 23 லட்சம் பவுண்டு வரை போனதும் கடும் விமர்சனத்துக்கு ஆளானது.

சுவாரஸ்யம் என்னன்னா, முன்னுரிமை விஷயத்தில் நெதர்லாந்துக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. சைக்கிளுக்கு முன்னுரிமை தரும் ரவுண்டானாக்களில் விபத்து கூடுதல் என்கிறது அந்நாட்டு சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான எஸ்.டபிள்யூ.ஓ.வி. வடிவமைப்பு வழிகாட்டி வெளியிடும் சி.ஆர்.ஓ.டபிள்யூ. அமைப்போ, ஊருக்குள் முன்னுரிமை கொடு, ஊருக்கு வெளியே வேண்டாம் என்கிறது. ஊருக்குள் சைக்கிளில் போவோரை ஒவ்வொரு ரவுண்டானாவிலும் நிறுத்தி வைத்தால் யார் சைக்கிளை எடுப்பார்கள் என்ற கேள்வியும் நியாயம்தானே. காரை மெதுவாக்கும் வடிவம் தேவை என்பதில் மட்டும் சண்டை இல்லை.

கேம்பிரிட்ஜ் தேர்ந்தெடுத்தது முன்னுரிமையை. 2022 ஜனவரி 29 முதல் பிரிட்டனின் சாலை விதிப் புத்தகமே மாறிவிட்டது. சந்திப்பில் ஏற்கெனவே ரோட்டில் இறங்கிவிட்டவருக்கு மட்டுமல்ல, கடக்கக் காத்து நிற்பவருக்கும் திரும்பும் வண்டி வழிவிட வேண்டும்.