சிசுக்களையும் பாதிக்கும் பித்தப்பைக் கல்

பித்தப்பைக் கல் நடுத்தர வயதினருக்கு வரும் நோய் என்றே பலரும் கருதுகின்றனர். ஆனால், பிறந்து சில வாரங்களேயான சிசுக்களிடமும் அரிதாக இக்கற்கள் காணப்படுவதுண்டு.

குறைமாதப் பிறப்பு, கிருமித்தொற்று, பாலூட்ட இயலாமல் நாளம் வழியாக ஊட்டச்சத்து செலுத்தப்படுவது ஆகியன முக்கியக் காரணங்கள். பால் குடிக்காத சிசுவின் பித்தப்பை சரிவரச் சுருங்குவதில்லை. தேங்கும் பித்தநீர் கெட்டிப்படுகிறது. செஃப்ட்ரியாக்ஸோன் என்ற மருந்தும் கால்சியத்துடன் சேர்ந்து கல் போன்ற படிவை உண்டாக்கக்கூடும். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் அது கரைந்துவிடும்.

இலங்கைத் தமிழர்கள் கணிசமாக வாழும் பலெர்மோ நகரம் அமைந்துள்ள சிசிலித் தீவில், தலசீமியா போன்ற பரம்பரை ரத்த நோய்கள் நெடுங்காலமாகவே உள்ளன. சிவப்பணுக்கள் சிதைவதால் இந்நோய்களிலும் கற்கள் உருவாகின்றன. எனினும் பெரும்பாலும் சிசுப்பருவம் கடந்த பின்னரே.

அறிகுறியற்ற கற்கள் பல தாமாகவே மறைவதால், அல்ட்ராசவுண்ட் மூலம் கண்காணிப்பதே வழக்கம்.

ஆனால், இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் மஞ்சள் காமாலையும், வெளிறிய மலமும் காத்திருக்கக்கூடியவை அல்ல. பித்தநாளங்களே சிதைந்து அடைபடும் வேறொரு நோயின் அறிகுறிகளாக அவை இருக்கலாம். அதற்கான அறுவை சிகிச்சை முதல் இரண்டு மாதங்களுக்குள் நடந்தால்தான் பலன் அதிகம்.

இத்தாலியில் பொதுச் சுகாதாரச் சேவையில் பதிவு செய்யப்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணமின்றி குழந்தை மருத்துவர் உண்டு. மொழி தடையாக இருப்பினும், மலத்தின் நிறத்தை அவரிடம் காட்டுவதற்கு மொழி தேவையில்லை.