வெட்டாமல் விட்டவை

நைஜர் நாட்டின் தெற்கில், நைஜீரிய எல்லையை ஒட்டி மராடி என்றொரு வட்டாரம். ஹௌசா மொழி பேசும் முஸ்லிம் குடியானவர்களின் ஊர்கள். விளைவது கம்பு, சோளம், தட்டைப்பயறு. நமக்கு அந்நியமான பயிர் ஒன்றுமில்லை. 1980களின் தொடக்கத்தில் அங்கே ஒரு ஹெக்டேர் வயலில் நான்கு மரம் நின்றால் பெரிது. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து எண்ணியபோது அதுவே நாற்பதுக்கு மேல் இருந்தது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் டோனி ரினௌடோ என்ற பெயர் அடிபடுகிறது. ஆஸ்திரேலியர், வேளாண் விஞ்ஞானி, மிஷனரி, நான்கு பிள்ளைகளின் தகப்பன்.

அவர் பிறந்தது 1957இல், விக்டோரியா மாநிலத்தின் மிர்டில்போர்டில். அன்று அது புகையிலை விளையும் ஊர். புகையிலைக்குத் தெளித்த மருந்து ஓடையில் இறங்கி மீன்கள் செத்து மிதந்தன. சுற்றியிருந்த குன்றுகளில் இயற்கைக் காட்டை அழித்து பைன் நட்டார்கள். எங்கோ பிள்ளைகள் பட்டினி கிடக்க இங்கே நல்ல நிலத்தில் புகையிலை போடுகிறார்களே என்று அந்தச் சிறுவனுக்குக் கோபம். தன்னை எங்காவது, எதற்காவது பயன்படுத்திக்கொள்ளும்படி கடவுளிடம் வேண்டிக்கொண்டானாம். வேண்டுதல் பலித்த இடம் மராடி. 1981இல் மனைவியோடும் கைக்குழந்தையோடும் வந்து இறங்கியவர் 1999 வரை அங்கேயே இருந்தார்.

வந்தபோது பார்த்த வயல்கள் தாமாக மொட்டையானவை அல்ல. நிலக்கடலையை ஏற்றுமதிப் பயிராக்கிய பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலிருந்தே, கொல்லையைத் துடைத்துவிட்டதுபோல் வைத்திருப்பவனே கெட்டிக்காரன் என்ற எண்ணம் ஊறியிருந்தது. மரம் இருந்தால் நிழல் விழும், குருவி வரும், கலப்பை தட்டும். 1960களின் கடைசியில் தொடங்கி 1973 வரை நீண்ட வறட்சி மிச்சமிருந்ததையும் விறகாக்கிற்று. பிறகு விறகும் இல்லை. கம்பந்தட்டையையும் சாணத்தையும் எரித்தார்கள். மண்ணுக்குப் போகவேண்டிய எரு அடுப்புக்குப் போனது. தடுக்க மரமில்லாத வெளியில், மழைக்காலத் தொடக்கத்துச் சூறைக்காற்று அப்போதுதான் முளைத்த கம்பின் மேல் மணலை வாரிப் போடும். ஒரே பருவத்தில் மூன்று முறை, நான்கு முறை விதைத்தவர்கள் உண்டு.

இதற்கு அன்று எல்லோருக்கும் தெரிந்த மருந்து மரக்கன்று நடுவது. நாற்றங்கால் போட்டு, பையில் கன்று வளர்த்து, வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொடுப்பார்கள். ரினௌடோவின் வேலையும் அதுதான். நட்டதில் பத்துக்கு எட்டு, ஒன்பது செத்துப்போயின. ஆடு மேய்ந்தது போக, கறையான் அரித்தது போக, ஏழெட்டு மாதம் நீளும் வறட்காலத்தைத் தாண்டியவை சில. சோற்றுக்குக் கம்பு இல்லாதவனிடம் கன்றை நீட்டிய அந்த மனிதருக்கு ஊரார் வைத்த பெயர் ‘பைத்தியக்கார வெள்ளைக்கார விவசாயி’. விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிவிடலாமா என்றும் அவர் யோசித்திருக்கிறார்.

1983இல் ஒருநாள், கன்றுகள் ஏற்றிய இழுவண்டியோடு போய்க்கொண்டிருந்தவர், மணலில் புதையாமலிருக்க டயரில் காற்றைக் குறைக்க இறங்கினார். நாலா பக்கமும் வெறும் வெளி. கடவுள் தந்த மண்ணை இப்படிச் சிதைத்துவிட்டோமே என்று மன்னிப்புக் கேட்டு, வழி காட்டும்படி அங்கேயே ஜெபித்தார். நிமிர்ந்தபோது கண்ணில் பட்டது ஒரு புதர். தினமும் பார்த்த புதர்தான். அன்று கிட்டே போய் இலையைப் பார்த்தார். அது புதரே இல்லை. வெட்டப்பட்ட மரத்தின் அடிக்கட்டையிலிருந்து கிளம்பிய துளிர். வெட்டியது மேல்மரத்தை மட்டும்தான், வேர் கீழே உயிரோடு இருந்தது. ஆண்டுதோறும் துளிர்ப்பதும், உழும்போது சீவித் தள்ளப்படுவதுமாக லட்சக்கணக்கான மரங்கள் அந்த வயல்களில் கிடந்தன. கரும்பு வெட்டிய தூரில் மறுதாம்பு விடுகிறவர்களுக்கு இது சட்டென்று விளங்கும்.

அது ஜெபத்துக்குக் கிடைத்த பதில் என்பது அவர் நம்பிக்கை. எனக்கு அதில் வழக்கில்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளாகக் கன்று மேலேயே இருந்த கண் அன்று தரைக்குத் திரும்பியது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

முறை மிக எளிது. கத்தி ஒன்று போதும். ஒரு கட்டையில் பத்து, இருபது துளிர் கிளம்பியிருக்கும். அவற்றில் நேராகவும் தடியாகவும் உள்ள நான்கைந்தை விட்டுவிட்டு மற்றதை அடியோடு அறுக்கவேண்டும். விட்டதிலும் பக்கக் கிளைகளைப் பாதி உயரம் வரை கழிக்கவேண்டும். கீழிருந்து மேலாகச் சீவினால் பட்டை உரியாது. கழித்த தழையை மண்ணிலேயே பரப்பிவிடலாம். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுத் துளிரைக் கிள்ளினால், பழைய வேரின் பலத்தில் குச்சி ஆள் உயரம் தாண்டிவிடும். பிறகு தேவைக்கு ஒரு தண்டை வெட்டிக்கொண்டு, அதன் இடத்தில் இன்னொன்றை வளரவிடலாம். கட்டையிலிருந்து மரம் எடுப்பது உலகெங்கும் பழைய வித்தை. தான் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்று ரினௌடோவே சொல்கிறார்.

பரவியது மட்டும் எளிதாக இல்லை. 1984இல் மறுபடி பஞ்சம். வேலைக்கு உணவு என்ற திட்டத்தில், மரத்தை வெட்டாமல் விடுவதும் கூலிக்குரிய வேலையாகச் சேர்க்கப்பட்டது. ஏறக்குறைய 5 லட்சம் மரங்கள் தப்பின. பஞ்சம் தணிந்து தானியம் வருவது நின்றதும் அவற்றில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டிவிட்டார்கள். கூலிக்கு வளர்ந்த மரம் கூலியோடு போயிற்று. மிஞ்சிய மூன்றில் ஒரு பங்கை யாரும் சொல்லி யாரும் காக்கவில்லை. அந்த வயல்களில் காற்று குறைந்ததை, கம்பு நின்றதை, விறகு கிடைத்ததைப் பக்கத்து வயல்காரன் பார்த்தான். அங்கிருந்துதான் உண்மையான கதை தொடங்குகிறது.

இது பெரிய அளவில் உலகத்துக்குத் தெரிய இருபது ஆண்டுகள் ஆயின. கிறிஸ் ரெய் என்ற டச்சு ஆய்வாளரும், அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் கிரே டாப்பனும் 1970களின் வான்படங்களையும் 2000களின் செயற்கைக்கோள் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பழைய படத்தில் வெறும் வயல், புதிய படத்தில் புள்ளி புள்ளியாக மரம். அவர்கள் போட்ட கணக்கு: சுமார் 50 லட்சம் ஹெக்டேர், 20 கோடி மரங்கள், ஆண்டுக்கு 5 லட்சம் டன் கூடுதல் தானியம். மராடிக்குக் கிழக்கே ஜின்டர் வட்டாரத்தில் பெண்கள் விறகு பொறுக்க அன்று நாளுக்கு இரண்டரை மணி நேரம் செலவிட்டார்கள். 2000களில் அது அரை மணியாகக் குறைந்தது. ஜின்டரில் ‘கவோ’ என்ற மரம் அதிகம். மழைக்காலத்தில் இலை உதிர்த்து, கோடையில் தழைக்கும் விசித்திரப் பிறவி. பயிர் நிற்கும்போது நிழல் தராது, வெயில் காலத்தில் ஆட்டுக்குக் காய் தரும்.

அந்த ஜின்டரில் பெரும்பகுதிக்கு ரினௌடோவின் திட்டம் போகவில்லை. எனவே நைஜரைப் பசுமையாக்கிய ஒற்றை மனிதர் என்று அவரைப் பற்றி எழுதுவது மிகை. 2018இல் அவருக்கு ‘மாற்று நோபல்’ எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. அதே ஆண்டு அதே விருதைப் பெற்றவர்களில் புர்க்கினா பாசோவின் யாகூபா சவாடோகோவும் ஒருவர். விவசாயி, தன் பாட்டனார் காலத்துக் குழி முறையைத் திருத்திக் காடு எழுப்பியவர். இருவரையும் ஒரே வரிசையில் வைத்தது சரியான தீர்ப்பு.

போனவையும் உண்டு. அன்று நிலத்தைச் சில ஆண்டுகள் தரிசாகப் போட்டு இளைப்பாற விடுவார்கள். இன்று அதற்கு இடமில்லை. 1980இல் 60 லட்சமாக இருந்த நைஜரின் மக்கள்தொகை இப்போது 2.5 கோடிக்கும் மேல். ஃபுலானி இடையர்கள் மாடு ஓட்டிச் சென்ற தடங்கள் வயல்களாகிவிட்டன. மரத்துக்குச் சொந்தக்காரன் வந்ததும் மேய்ச்சலுக்குக் கிளை ஒடிப்பது திருட்டாகி, சண்டையாகிறது. எல்லை தாண்டி வரும் கொள்ளைக் கும்பல்களால் மராடியின் தென்பகுதிச் சாலைகள் அச்சத்துக்குரியவை. ஓர் அந்நியக் குடும்பம் பதினெட்டு ஆண்டு அங்கே குடியிருந்து பிள்ளை வளர்ப்பது இன்று நினைத்துப் பார்க்க முடியாதது.

அந்தக் குடித்தனத்தையும் கணக்கில் சேர்க்கவேண்டும். மனைவி லிஸ்ஸும் அவரும் ஹௌசா கற்று, மலேரியாவுக்கும் பஞ்சத்துக்கும் நடுவில் நான்கு பிள்ளைகளை வளர்த்தார்கள். மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் வந்து போகும் நிபுணராக இருந்திருந்தால், 5 லட்சம் மரங்களில் பெரும்பங்கு வெட்டப்பட்டதைத் தோல்வி என்று அறிக்கை எழுதிவிட்டுப் போயிருப்பார். மிஞ்சியதைப் பார்க்க அவர் அங்கே இருந்தார். பக்தி அவருக்குத் தந்தது பெரும்பாலும் இந்தப் பொறுமைதான் என்று தோன்றுகிறது. கிறிஸ்தவரான அவர் சொன்னதை முஸ்லிம் ஊர்கள் கேட்டதற்கும் உடன் வாழ்ந்ததே பெரிய காரணம்.

ஆனால் கத்தியாலும் பக்தியாலும் மட்டும் தாண்ட முடியாத தடை ஒன்று இருந்தது. பிரெஞ்சுக் காலத்திலிருந்து வந்த சட்டப்படி வயலில் நிற்கும் மரம் அரசின் சொத்து. தானே காத்து வளர்த்த மரத்தை வெட்டினாலும் வனக்காவலர் அபராதம் போடலாம். ஆகவே துளிரிலேயே வெட்டி எறிவதுதான் புத்திசாலித்தனம். மராடியின் வன அதிகாரிகளிடம் ரினௌடோ பேசிப் பேசி, 1980களில் அந்தச் சட்டத்தைக் கண்டும் காணாமல் விடச் செய்தார். மரம் தனக்கே என்ற நம்பிக்கை வந்த பிறகே விவசாயி விட்டுவைத்தான். வயலில் காத்து வளர்த்த மரம் விவசாயிக்கே உரியது என்று நைஜர் அரசு முறையாக ஆணை பிறப்பித்தது 2020 ஜூலையில். அதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் முன்பே அந்த 20 கோடி மரங்களும் எண்ணப்பட்டுவிட்டன.