ஒரு புள்ளி அழிந்தால்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிராட்ஃபோர்டு என்றோர் ஊர். அங்கே கேஸ் நிறுவனம் செய்த மடக்குக் கத்தி ஒன்றை விரித்து, அலகு கைப்பிடியோடு சேரும் அடிப்பகுதியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், பெயர் முத்திரைக்குக் கீழே வரிசையாகச் சில புள்ளிகள் தெரியும். 1970-இல் செய்த கத்தியில் 10 புள்ளிகள். 1971-இல் 9. ஆண்டுக்கு ஒன்றாகக் குறைந்து, 1979-இல் ஒரே ஒரு புள்ளி. அதற்கு முன்பு, 1965 முதல் 1969 வரை, நிறுவனத்தின் பெயரும் நாட்டின் பெயரும் மட்டும் உண்டு, புள்ளி கிடையாது. 1979-ஆம் ஆண்டுக் கத்தி ஒன்று துருவேறிய நிலையில் ஒருவர் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் ஆசை ஆசையாக அதை மோட்டார் சக்கரத்தில் கொடுத்துக் கண்ணாடிபோல் ஆக்குகிறார். குண்டூசி முனையளவு இருந்த அந்த ஒற்றைப் புள்ளி போய்விடுகிறது. கத்தியின் வயது குறைந்தது பத்தாண்டு கூடிவிட்டது. உண்மையைச் சொல்ல இருந்த ஒரே சாட்சியும் மெருகுத்தூளோடு பறந்துவிட்டது.

பழைய கத்திகளையும் கைக்கோடாலிகளையும் தேடி வாங்கிச் சீர்செய்து சேர்த்து வைக்கும் பழக்கத்துக்குள் இன்று புதிதாக வருகிறவர்களில் பலர், காணொளிகளைப் பார்த்து வருகிறவர்கள். தொடக்கத்தில் ஒரு துருக்கட்டி, பத்து நிமிடத்தில் முகம் பார்க்கும் பளபளப்பு. அந்த மாற்றத்தைப் பார்ப்பதில் இருக்கும் சுகம் உண்மையானதுதான். ஆனால் இந்தக் கலையில் முதலில் பழக வேண்டியது தேய்க்கும் கையை நிறுத்துவது என்பதே என் உறுதியான கருத்து. இதற்குக் காரணம் ரசனை சார்ந்ததல்ல, பொருளின் அமைப்பே அப்படி. ஒரு பழைய கத்தி எங்கே, எப்போது, எப்படிச் செய்யப்பட்டது என்பதைச் சொல்லும் தடயங்கள் பெரும்பாலும் அதன் மேல்தோலில் இருக்கின்றன. அது வெட்டுவதற்கான பதமோ மெல்லிய வாய்ப்பகுதியில் இருக்கிறது. இயந்திரம் முதலில் தின்பது இந்த இரண்டையும்தான். கோயில் சுவர்களில் மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்ததில் கல்வெட்டு எழுத்துகள் மழுங்கிப்போன கதை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. கல்லுக்கே அந்த கதி என்றால், மயிரிழை ஆழத்தில் அடித்த முத்திரைக்கு என்ன கதி என்று சொல்ல வேண்டியதில்லை.

முத்திரை எவ்வளவு பேசும் என்பதை அறியாதவர்கள்தான் அதை இவ்வளவு எளிதாக இழக்கிறார்கள். 1890-இல் அமெரிக்கா கொண்டுவந்த மெக்கின்லி சுங்கச் சட்டம், அந்நாட்டுக்குள் வரும் பொருளின்மேல் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. அந்த விதி 1891-இல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே ஷெஃபீல்டு நகரத்துக் கத்தி ஒன்றில் ‘இங்கிலாந்து’ என்ற சொல் இருந்தால், அது பெரும்பாலும் அந்த ஆண்டுக்குப் பிந்தியது. (சொல் இல்லை என்பதற்காக முந்தியது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. எல்லாக் கத்தியும் அமெரிக்கச் சந்தைக்காகச் செய்யப்பட்டதல்ல.) துருப்பிடிக்காத எஃகை ஹாரி பிரியர்லி அதே ஷெஃபீல்டில் உருவாக்கியது 1913-இல். அந்த எஃகின் பெயர் பொறித்த அலகை விக்டோரியா மகாராணி காலத்தது என்று யாராவது விற்க வந்தால், பேரம் பேசாமல் திரும்பிவிடலாம். ஆறுமுனை நட்சத்திரமும் மால்டா சிலுவையும் சேர்ந்திருந்தால் அது ஜோசஃப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் குறி. கனெக்டிகட் மாநிலத்தில் 1826-இல் தொடங்கி 1966-இல் மூடப்பட்ட காலின்ஸ் நிறுவனம், தன் கோடாலிகளிலும் வெட்டுக்கத்திகளிலும் கிரீடமும் சுத்தியல் பிடித்த கையும் பொறித்து, ‘லெஜிடிமஸ்’ என்ற லத்தீன் சொல்லையும் சேர்த்தது. ‘முறையானது, அசல்’ என்று பொருள். போலிகள் அவ்வளவு மலிந்திருந்தன. இத்தனை சேதியும் கட்டைவிரல் நகம் அளவு இடத்துக்குள் அடங்கிக் கிடக்கிறது.

முத்திரையைவிட ஆழமான இழப்பு ஒன்றும் உண்டு, அது கண்ணுக்கே தெரியாது. கத்தி செய்பவர் எஃகைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயிலோ தண்ணீரிலோ தோய்க்கும்போது அது கடினமாகிறது, ஆனால் கண்ணாடிபோல் உடையக்கூடியதாகவும் ஆகிறது. அதனால் மறுபடி மிதமாகச் சூடுகாட்டி அந்த முறுக்கைக் கொஞ்சம் தளர்த்துவார். சூடு ஏற ஏறத் துலக்கிய எஃகின்மேல் நிறம் மாறிக்கொண்டே வரும். ஏறத்தாழ 220 டிகிரி செல்சியஸில் வெளிர் வைக்கோல் நிறம், 300-ஐ ஒட்டி நீலம். கத்தியை வைக்கோல் நிறத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிடுவது வழக்கம். பட்டறைக்காரர் கண்ணாலேயே பார்த்து நிறுத்திய அந்தப் பதத்தை, மின்சாரச் சக்கரத்தில் ஒரு நொடி கூடுதலாக அழுத்திய கை கலைத்துவிடும். வாய்ப்பகுதி தாள்போல் மெல்லியது, வந்த வெப்பம் ஓட இடமில்லை. ஓரத்தில் நீலம் படர்ந்துவிட்டால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று பொருள். நீலத்தை அழித்துவிடலாம், மறுபடி முழுதாகக் காய்ச்சித் தோய்க்காமல் போன கடினத்தைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. பிறகு எவ்வளவு சாணை பிடித்தாலும் இரண்டு தக்காளி நறுக்குவதற்குள் மழுங்கிவிடும். பார்க்க அழகாக இருக்கும் அந்தக் கத்தி இனி கத்தியே இல்லை.

கைக்கோடாலியில் இந்த ஆபத்து வேறு வடிவில் வருகிறது. எஃகு விலை உயர்ந்திருந்த காலத்தில் கோடாலியின் உடம்பை மெத்தென்ற இரும்பில் செய்து, வாய்க்கு மட்டும் ஒரு துண்டு எஃகைக் காய்ச்சி அடித்து ஒட்டினார்கள். மேலுக்கு இரண்டும் ஒரே இரும்பாகத்தான் தெரியும். துடைத்த பரப்பில் கொஞ்சம் வினிகரைத் தடவிச் சில நிமிடம் விட்டால், எஃகு கருத்தும் இரும்பு வெளுத்தும் பிரிந்து, நடுவே ஒரு கோடு தெரியவரும். அந்தக் கோட்டுக்கும் விளிம்புக்கும் இடையில் இருப்பதுதான் கோடாலியின் மிச்ச ஆயுள். நூறாண்டு உழைத்த கோடாலியில் அது விரற்கடை அளவுகூட இருக்காது. விளிம்பில் இருக்கும் ஒரு சின்ன உடைவை மறைக்க வேண்டும் என்பதற்காக மொத்த வாயையும் அரைத்துத் தள்ளினால், மிச்சமிருந்த எஃகு முழுவதும் போய் மெத்தென்ற இரும்பு விளிம்புக்கு வந்துவிடும். சாணை பிடித்தால் கூர் வரும், நாலு வெட்டுக்குக்கூட நிற்காது. உடைவு உடைவாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, அடுத்தடுத்த சாணையில் அது தானாகத் தேய்ந்து மறையக் காத்திருப்பதே நல்லது.

இதற்கு எழும் முதல் மறுப்பு நியாயமானது. துரு ஒரு நோய், அதை அப்படியே விடுவது பாதுகாப்பா, அலட்சியமா? செந்துருவைப் பொறுத்தவரை இந்தக் கேள்விக்கு நான் முழுதாகத் தலைவணங்குகிறேன். செந்துரு பஞ்சுபோன்றது. ஈரத்தையும் உப்பையும் உறிஞ்சித் தன்னடியில் வைத்துக்கொண்டு இரும்பை மேலும் மேலும் அரிக்கும். அது போயே ஆக வேண்டும். ஆனால் பழைய எஃகின்மேல் படிந்திருக்கும் கருமை வேறு பொருள். அது அடர்த்தியாக ஒட்டிக்கொண்டு, அடியில் இருக்கும் உலோகத்துக்குப் போர்வைபோல் அமைகிறது. காணொளிகளில் இரண்டையும் ஒரே குப்பையாகத்தான் நடத்துகிறார்கள். எண்ணெய் ஊறவைத்து, மிக மெல்லிய எஃகுக் கம்பளியாலோ பித்தளைச் சுரண்டியாலோ பொறுமையாக எடுத்தால் செந்துரு வரும், கருமை தங்கும். கைப்பிடி இல்லாத தனித் தலையாக இருந்தால் இன்னொரு வழியும் இருக்கிறது. சுத்தமான தண்ணீரில் கொதிக்கவைத்தால் மெல்லிய செந்துரு கருந்துருவாகவே மாறும். துப்பாக்கிக் குழாய்க்கு நிறமேற்றியவர்கள் நெடுங்காலமாகக் கையாண்ட முறை இது. நூறு டிகிரிச் சூட்டில் பதத்துக்கு எந்தக் கேடும் வராது. வினிகரில் ஊறப்போடுவதைத் தொடக்கக்காரர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அது துருவோடு நிற்காது, நல்ல உலோகத்தையும் கடித்து, முத்திரையின் ஓரங்களை மழுக்கிவிடும். சலவைச் சோடா கரைத்த நீரில் மின்சாரம் செலுத்தி எடுக்கும் முறை உலோகத்தை அரிக்காது. ஆனால் அதில் மறுமுனையாக எவர்சில்வர் துண்டை வைக்கவே கூடாது. நச்சுத்தன்மையுள்ள குரோமியம் நீரில் கலந்துவிடும். எழும் வாயு தீப்பற்றக்கூடியது என்பதால் காற்றோட்டமும் வேண்டும்.

இரண்டாவது மறுப்பு, ‘கருவி என்றால் வேலை செய்ய வேண்டும், கண்காட்சிப் பெட்டியில் கிடக்கவா செய்தார்கள்?’ என்பது. கூரும் பளபளப்பும் இரண்டு வேறு சங்கதிகள் என்பதே இதற்குப் பதில். கூர் வேண்டுமென்றால் விளிம்பை மட்டும் தொட்டால் போதும். கையால் இழுக்கும் அரம், பிறகு தண்ணீர் விட்ட சாணைக்கல், அவ்வளவே. கன்னங்களையும் முதுகையும் தொட எந்த வேலையும் இல்லை. காம்பு விஷயத்தில் நான் இன்னும் தாராளமாக இருப்பேன். கோடாலிக்குக் காம்பு தேய்கிற பொருள்தான், உடைந்தால் மாற்றத்தான் வேண்டும். இழை காம்பின் நீளத்தோடு ஓடி, முனையில் பார்த்தால் வெட்டுவாயின் திசையிலேயே இருக்கிற, நன்கு உலர்ந்த மரமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அமெரிக்காவில் ஹிக்கரி, நம் பக்கம் கருவேலம் போன்றவை. தலை ஆடினால் தண்ணீரில் ஊறப்போடும் வழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. அன்றைக்கு இறுகும், ஊதிய மரம் துளைக்குள் நசுங்கி, காய்ந்தபின் முன்னைவிடத் தளர்ந்துவிடும். புது ஆப்பு அடிப்பதே சரி. காம்புக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாமல் விரித்துக் காயப்போட வேண்டும். அந்தத் துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். இது பயமுறுத்துவதற்காகச் சொல்வதல்ல. ஒரு விதிவிலக்கையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கோடாலியின் பின்தலை சுத்தியலடி பட்டுக் காளான்போல் விரிந்து சிம்பு விட்டிருந்தால், அதை அரத்தால் எடுத்தே ஆக வேண்டும். தெறிக்கும் சிம்பு கண்ணைக் கெடுக்கும். அங்கே வரலாற்றைவிடக் கண் பெரிது.

இலட்சக்கணக்கில் செய்து குவித்த ஆலைச் சரக்குக்கு இவ்வளவு பக்தி எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்கு, ஆலைச் சரக்கை விட்டுவிட்டு, ஆலையே பார்க்காத சரக்கைக் காட்ட விரும்புகிறேன். நம் வீடுகளின் அரிவாள்மனை, பாக்குவெட்டி, தென்னந்தோப்பு அரிவாள் ஆகியவற்றில் பெரும்பாலும் எந்த முத்திரையும் இல்லை. உள்ளூர்ப் பட்டறையில் அடித்தவை, செய்தவர் பெயர் எங்கும் பதிவாகவில்லை. பிராட்ஃபோர்டுக் கத்திக்குப் புள்ளியாவது உண்டு, இவற்றுக்கு இருப்பதெல்லாம் சுத்தியல் விழுந்த பள்ளங்களும், எஃகு ஒட்டிய கோடும், ஒரே குடும்பம் தலைமுறையாகத் தேய்த்ததில் உள்வாங்கிய வளைவும்தான். அந்தத் தோலை உரித்துவிட்டால் அது யாருடையது, எந்த ஊரது, எந்தக் கையில் இருந்தது என்று சொல்ல வேறு எதுவுமே மிஞ்சாது. இத்தனைக்கும் எஃகின் வரலாற்றில் தென்னிந்தியாவின் இடம் சிறியதல்ல. இங்கே மண்குகையில் உருக்கிய உருக்குக்கட்டிகள் ‘வூட்ஸ்’ என்ற பெயரில் ஐரோப்பா போயின. லண்டனில் கத்தி செய்துவந்த ஜேம்ஸ் ஸ்டோடர்ட், மைக்கேல் ஃபாரடேயோடு சேர்ந்து அந்த உருக்கின் ரகசியத்தைத் தேடி 1820-இல் கட்டுரை வெளியிட்டார். அப்படிப்பட்ட மண்ணில், பாட்டி காலத்து அரிவாள்மனையைப் பழைய இரும்போடு எடை போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கிய கைகள்தான் நம்முடையவை. காயலான் கடையில் கிடப்பதை மீட்டு வருகிறவர், மீட்ட கையோடு அதை உரித்துவிடுவது எனக்குப் பெரும் வேதனையாக இருக்கிறது.

கத்தி சேர்ப்பதா என்று முகம் சுளிப்பவர்களின் அச்சத்தையும் ஒதுக்கிவிட முடியாது. அரிவாள் என்ற சொல்லே செய்தித்தாளில் எந்தப் பக்கத்தில் வருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே வீட்டுக்கும் வயலுக்கும் தொழிலுக்கும் செய்த கருவிகளோடு நிற்பது நல்லது. இந்திய ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுத வகையில் சேர்க்கும்போது, இத்தகைய பயன்பாடுகளுக்காகச் செய்தவற்றை விலக்கியே வைக்கின்றன. வாளும் குத்துவாளும் அந்த விலக்குக்குள் வராது. தந்தக் கைப்பிடி போட்ட ஷெஃபீல்டுக் கத்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்க வேண்டாம், தந்த வணிகம் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். நூறாண்டைத் தாண்டிய கலைப்பொருள் தொல்பொருள் சட்டத்துக்குள் வரக்கூடும், அதை வெளிநாட்டுக்கு விற்கும் எண்ணம் கூடாது.

தொடங்குவதற்குப் பெரிய செலவில்லை. ஒரு பூதக்கண்ணாடி, தையல் மெஷின் எண்ணெய், பருத்தித் துணி, மெல்லிய எஃகுக் கம்பளி, ஓர் அரம், ஒரு சாணைக்கல். முதல் கத்தி மலிவானதாக, முத்திரை தெளிவாக இருப்பதாக இருக்கட்டும். கையை வைக்கும் முன் நாலு பக்கமும் படமெடுத்து, எழுத்துகளைத் தாளில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். தேங்காய் எண்ணெய் நம் வீட்டு வழக்கம்தான், ஆனால் நாளானால் சிக்குப் பிடித்து அமிலமாகும் என்பதால் எடுத்துவைக்கும் கத்திக்கு அது வேண்டாம். தோலுறைக்குள்ளும் வைக்க வேண்டாம். தோல் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு எஃகைக் கறுக்கவும் பித்தளையைப் பச்சை பூக்கவும் வைக்கும். எல்லாவற்றையும்விட, பழைய மடக்குக் கத்திகளில் முத்துச்சிப்பிபோலவும் ஆமையோடுபோலவும் மின்னும் செல்லுலாய்டு கைப்பிடிகளின்மேல் ஒரு கண் இருக்க வேண்டும். கற்பூரம் சேர்த்துச் செய்த அந்தப் பொருள் முதுமையில் சிதைந்து அமில வாயுவைக் கக்கும். தன் அலகைத் தின்பதோடு, ஒரே பெட்டியில் கிடக்கும் மற்றக் கத்திகளையும் துருப்பிடிக்க வைக்கும். மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்க்க வேண்டும். கற்பூர நெடி தூக்கலாகவோ, மூக்கைக் குத்தும் அமில நெடியோ வந்தால், அந்தக் கத்தியை அன்றைக்கே எடுத்துக் காற்றோட்டமான இடத்தில் தனியே வைத்துவிட வேண்டும்.