மெழுகுவர்த்தியின் அரசியல்

‘பர்ன் அவுட்’டுக்குத் தமிழில் சொல் இல்லை என்கிறார்கள். இருக்கிறது, ஆனால் நம்மிடம் அது பாராட்டாகப் புழங்குகிறது. டீச்சரம்மாவை, நர்ஸை, லேடி டாக்டரைத் ‘தன்னை உருக்கி ஊருக்கு வெளிச்சம் தரும் மெழுகுவர்த்தி’ என்று மேடையில் புகழ்கிறோம். உருகுகிறவளுக்கு என்ன ஆச்சு என்று கேட்டால் அந்தப் புகழுரை நிற்காது. தியாகம், தாய்மை, சேவை என்கிற சொல்லாடல் செய்கிற காரியமே இதுதான்: உழைப்பைக் குணமாக மாற்றிவிடுவது. குணத்துக்குக் கூலியும் கிடையாது, ஓய்வும் கிடையாது.

1974இல் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர், நியூயார்க்கின் இலவச கிளினிக்கில் உழைத்தவர்களிடம் கண்டதை வைத்து இந்தச் சொல்லைப் பரவலாக்கினார். கிறிஸ்டினா மாஸ்லாக் அதை மூன்றாகப் பிரித்தார்: தீராத களைப்பு, நோயாளி வெறும் ‘கேஸ்’ ஆகிப்போகிற விலகல், ‘செஞ்சு என்ன ஆகப்போகுது’ என்கிற கையறு நிலை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதை நோயாக அன்றி, பணியிடம் சார்ந்த நிகழ்வாகவே வகைப்படுத்தியது. அப்படியானால் முதலில் பார்க்க வேண்டியது டூட்டி சார்ட்டை. யோகா முகாம் நடத்துவது, களைப்பைத் திரும்பவும் அவள் மனசுக்குள்ளேயே தள்ளிவிடுகிற வேலை.

ஆழ்வார்பேட்டையிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி, இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. 1885இல் தொடங்கியது. இதை உருவாக்கிய மேரி ஷார்லிப், 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் நான்கு பெண்களில் ஒருவர். ஆண் டாக்டரிடம் காட்ட மறுக்கப்பட்ட பெண்களுக்காக உழைத்தவர், 1887இல் உடம்பு கெட்டு இங்கிலாந்து திரும்பினார். வெள்ளைக்கார பாரிஸ்டரின் மனைவி என்கிற வசதிகூட அவரைக் காப்பாற்றவில்லை. 1885ஐ நினைவு வைத்திருக்கிற வரலாறு 1887ஐ ஒரு வரியில் தாண்டிவிடுகிறது.

பயிற்சி டாக்டர்களுக்குத் தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் சாதாரணமாக வேலை தரக்கூடாது என்று மத்திய அரசு சொன்னது 1992இல். 2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில், நீண்ட டூட்டிக்கு நடுவே கருத்தரங்கு அறையில் ஒதுங்கிப் படுத்த பயிற்சி டாக்டர் பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டுக் கிடந்தார். மேற்கு வங்க அரசு யோசித்த பரிகாரங்களில் ஒன்று, பெண்களுக்கு முடிந்தவரை இரவுப் பணியைத் தவிர்ப்பது. செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்தது. அதாவது இடத்தைப் பாதுகாப்பாக்குவதைவிடப் பெண்ணை அங்கிருந்து அகற்றுவது அதிகாரத்துக்குச் சுலபம்.

அகற்றி எங்கே அனுப்புவது? வீட்டுக்குத்தானே. ‘டாக்டரானா என்ன, ராத்திரிக்கு நீதானே தோசை ஊத்தணும்’ என்று அங்கே இரண்டாவது டூட்டி காத்திருக்கிறது. அந்த சார்ட்டில் மணிக்கணக்கும் இல்லை, மாற்று ஆளும் இல்லை.

ஆகவே கோரிக்கைகள் சாதாரணமானவைதான். 12 மணி நேர வரம்பு நிஜமாக அமலாக வேண்டும். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளக்கூடிய ஓய்வறையும் கழிப்பறையும் வேண்டும். பிரசவ விடுப்பில் போகிறவளின் பாரம் இன்னொருத்தி தலையில் ஏறாதபடி மாற்று டாக்டர் வேண்டும். வீட்டு வேலையில் ஆணுக்குப் பங்கு வேண்டும். இதோடு, ‘என்னால முடியல’ என்று ஒரு லேடி டாக்டர் சொன்னால் அதைத் தொழிலாளியின் குரலாகக் கேட்கிற காதும் வேண்டும். கதை எழுதுகிறவர்களும் சங்கம் நடத்துகிறவர்களும் மெழுகுவர்த்தியைக் கீழே வைத்துவிட்டு அங்கிருந்து தொடங்கலாம்.