சரத் பொன்சேகாவின் சனாதிபதித் தேர்தல் போட்டி, 2010

சரத் பொன்சேகா (பிறப்பு: டிசம்பர் 18, 1950, அம்பலாங்கொடை) இலங்கை இராணுவத்தின் முன்னாள் தளபதி ஆவார். இவர் சனவரி 26, 2010 அன்று நடைபெற்ற இலங்கையின் ஆறாவது சனாதிபதித் தேர்தலில் புதிய சனநாயக முன்னணி என்னும் சிறிய கட்சியின் வேட்பாளராக அன்னம் சின்னத்தில் போட்டியிட்டு, அப்போதைய சனாதிபதி மகிந்த ராசபக்சவிடம் தோல்வியுற்றார். ஈழப்போரின் இறுதிக் கட்டத்தில் இராணுவத்தை வழிநடத்திய இவருக்கு, அப்போரினால் பெரிதும் பாதிக்கப்பட்ட வடக்கு, கிழக்கு மாவட்டங்களிலேயே மிகுதியான ஆதரவு கிடைத்தமை இத்தேர்தலின் வியப்புக்குரிய கூறாகும்.

பின்னணி

1970இல் இராணுவத்தில் சேர்ந்த பொன்சேகா, டிசம்பர் 2005இல் இராணுவத் தளபதியானார். ஏப்ரல் 25, 2006 அன்று கொழும்பு இராணுவத் தலைமையகத்தில் நிகழ்ந்த தற்கொலைத் தாக்குதலில் படுகாயமடைந்து உயிர் தப்பினார். மே 2009இல் போர் முடிவுற்றது. அடுத்த இரு மாதங்களில் இவர் கூட்டுப்படைகளின் தலைமை அதிகாரியாக மாற்றப்பட்டார். பெயரளவில் இது உயர்ந்த பதவி. ஆனால் தளபதிக்குரிய நேரடிக் கட்டளை அதிகாரம் இதற்கு இல்லை. போர் வெற்றியின் பெருமை யாருக்கு உரியது என்பதில் அரசுக்கும் இவருக்கும் இடையே எழுந்த கசப்பு வளர்ந்து, நவம்பர் 2009இல் பதவி விலகினார். அம்மாத இறுதியிலேயே தேர்தலில் போட்டியிடுவதாக அறிவித்தார்.

ஏன் அன்னம் சின்னம்?

இலங்கை அரசியலமைப்பின் 31ஆவது உறுப்புரையின்படி, ஏற்றுக்கொள்ளப்பட்ட அரசியல் கட்சி ஒன்று எந்தத் தகுதியுள்ள குடிமகனையும் சனாதிபதி வேட்பாளராக முன்மொழியலாம். கட்சி சாராமல் சுயேச்சையாக நிற்க விரும்புபவர், சட்டமன்றத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினராக இருப்பவராகவோ முன்னர் இருந்தவராகவோ இருத்தல் வேண்டும். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் நாடாளுமன்ற உறுப்பினர் எம். கே. சிவாசிலிங்கம் இதே தேர்தலில் சுயேச்சையாக நின்றது இவ்விதியின்படியே. வாழ்நாள் முழுவதும் சீருடையில் இருந்த பொன்சேகாவுக்கு அவ்வழி இல்லை. ஏதேனும் ஒரு கட்சி தேவைப்பட்டது.

அவரை ஆதரித்த பெரிய கட்சிகள் ஐக்கிய தேசியக் கட்சியும் மக்கள் விடுதலை முன்னணியும் ஆகும். 1980களின் இறுதியில் ஐக்கிய தேசியக் கட்சி ஆட்சியில்தான் மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சி இரத்தக் களரியாக அடக்கப்பட்டது. அக்கட்சியினரை யானைச் சின்னத்துக்கு வாக்களிக்கச் சொல்வது எளிதன்று. மணிச் சின்னத்தை மற்றவர்கள் ஏற்பதும் அவ்வாறே. ஆகவே பழைய பகை எதுவும் ஒட்டியிராத சிறு கட்சி ஒன்றின் சின்னம் பொதுச் சின்னமாயிற்று. சிறீலங்கா முஸ்லிம் காங்கிரசும் மனோ கணேசனின் சனநாயக மக்கள் முன்னணியும் இக்கூட்டில் இணைந்தன. 2015இல் மைத்திரிபால சிறிசேன வெற்றி பெற்றதும் இதே அன்னம் சின்னத்தில்தான்.

இந்தியாவில் இத்தகைய தடை இல்லை. முதல் இந்தியத் தலைமைத் தளபதியான கே. எம். கரியப்பா 1971இல் மும்பை வடமேற்குத் தொகுதியில் சுயேச்சையாக நின்று தோற்றார். ஆனால் இந்தியாவில் மாநில ஆளுநர் நியமிக்கப்படுபவர் என்பதால் அப்பதவிக்குத் தேர்தலே கிடையாது. ஐக்கிய அமெரிக்காவில் முன்னாள் கடற்படை வீரர் செசி வெஞ்சுரா சீர்திருத்தக் கட்சி என்ற சிறு கட்சியின் சார்பில் 1998இல் மினசோட்டா மாநில ஆளுநராகவே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

தமிழர் வாக்குகள்

இலங்கை சிங்களவருக்கு உரிய நாடு என்னும் பொருள்படப் பொன்சேகா 2008இல் கனடிய நாளிதழ் ஒன்றுக்குக் கூறியிருந்தார். தமிழ்நாட்டுத் தலைவர்களைக் கோமாளிகள் என்று குறிப்பிட்டதும் அதே ஆண்டில்தான். தமிழகத்தில் இதற்குக் கடும் கண்டனம் எழுந்தது. இருப்பினும் சனவரி 2010இல் இரா. சம்பந்தன் தலைமையிலான தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு அவரை ஆதரிக்க முடிவு செய்தது. போரை நடத்திய சனாதிபதி, அதைக் களத்தில் முடித்த தளபதி ஆகிய இருவரில் ஒருவர் என்பதே தமிழ் வாக்காளர் முன் இருந்த நடைமுறைத் தெரிவு.

யாழ்ப்பாண மாவட்டத்தில் பொன்சேகா 63.84 விழுக்காடு வாக்குகள் பெற்றார். இவ்வெண்ணை மட்டும் தனியே காட்டுவது பிழையான தோற்றத்தைத் தரும். அங்கு வாக்களித்தவர்கள் பதிவு பெற்றோரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரே. புலம்பெயர்ந்தோரும் இடம்பெயர்ந்தோரும் பட்டியலில் இருந்தமை இதற்கு ஒரு காரணம். எவரையும் விரும்பாமை மற்றொன்று. விடுதலைப் புலிகளின் புறக்கணிப்பு நிலவிய 2005 தேர்தலில் இம்மாவட்டத்தின் வாக்களிப்பு 1.21 விழுக்காடாக மட்டுமே இருந்தது.

முடிவுகள்

மொத்தம் 22 பேர் போட்டியிட்டனர். ராசபக்ச 6,015,934 வாக்குகளும் (57.88%), பொன்சேகா 4,173,185 வாக்குகளும் (40.15%) பெற்றனர். யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு, திருகோணமலை, திகாமடுல்லை, நுவரெலியா ஆகிய ஆறு தேர்தல் மாவட்டங்களில் மட்டும் பொன்சேகா முந்தினார். வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாததால் அவரால் தமக்கே வாக்களிக்க இயலவில்லை. இதனால் வேட்பாளர் தகுதி பாதிக்கப்படாது எனத் தேர்தல் ஆணையாளர் விளக்கமளித்தார்.

தேர்தலுக்குப் பின்

பிப்ரவரி 8, 2010 அன்று பொன்சேகா கைது செய்யப்பட்டார். சிறையில் இருந்தபடியே ஏப்ரல் பொதுத் தேர்தலில் கொழும்பு மாவட்டத்தில் வென்றார். சீருடையில் இருந்தபோதே அரசியலில் ஈடுபட்டதாகக் கூறி இராணுவ நீதிமன்றம் அவரது பதவி நிலையைப் பறித்தது. கொள்முதல் முறைகேடு வழக்கில் 30 மாதச் சிறைத்தண்டனையும் விதிக்கப்பட, நாடாளுமன்ற இடத்தை இழந்தார். மே 2012இல் விடுதலையானார். சிறிசேன ஆட்சியில் பதவி நிலை மீளளிக்கப்பட்டு, மார்ச் 2015இல் பீல்ட் மார்சல் ஆனார்.

2024 சனாதிபதித் தேர்தலில் இவர் மீண்டும் நின்றார். தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினராக முன்னர் இருந்தமையால் இம்முறை எந்தக் கட்சியின் சின்னமும் தேவைப்படவில்லை. சுயேச்சையாகவே போட்டியிட்டு, ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான வாக்குகளே பெற்றார்.