சுருதி நின்ற பிறகு

2025 ஏப்ரல் 28-ஆம் நாள், ஸ்பெயின் நேரப்படி நடுப்பகல் கடந்து 33 நிமிஷத்தில், ஸ்பெயினும் போர்த்துகலும் ஏககாலத்தில் மின்சாரத்தை இழந்தன. ரயில்கள் நடுவழியில் நின்றன. இதில் விசித்திரம் என்னவென்றால், அதற்கு முந்தின க்ஷணம் வரை ஸ்பெயினில் உற்பத்தியான மின்சாரத்தில் பாதிக்கு மேற்பட்டதைத் தந்துகொண்டிருந்த சூரியன் இருந்த இடத்திலேயே காய்ந்துகொண்டிருக்க, அதன் கிரணங்களை மின்சாரமாக்கும் பலகைகள் மட்டும் மௌனமாகிவிட்டன என்பதே. வினாடிக்கு ஐம்பது தரம் துடிக்கும் மின்கட்டமைப்பின் சுருதியைப் பின்பற்றவே அவற்றின் இன்வெர்ட்டர்களில் பெரும்பாலானவை பழகியிருந்தன. தம்புரா நின்றதும், அதைக் கேட்டே பாடப் பழகிய பாடகன் வாய்மூடுவதில் ஆச்சரியமில்லை.

தம்புராவை மீண்டும் மீட்டியவை பெரும்பாலும் பழைய நீர்மின் நிலையங்களே. பொதுவாக அனல் நிலையத்துக்குத் தன் பம்புகளை ஓட்டவே வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். அணைக்கோ மதகைத் திறக்கும் அளவு சக்தி போதும். போர்த்துகலில் ஸெஸிரி நதியின் காஸ்டெலோ டி போடி அணையும், போர்ட்டோ அருகிலுள்ள ஓர் எரிவாயு நிலையமும் இருளிலிருந்து தாமாக எழுந்தன. ஸ்பெயினுக்கு வடக்கே பிரான்சும், ஜலசந்திக்கு அப்பாலிருந்து மொராக்கோவும் கைகொடுத்தன. நள்ளிரவு கடந்து போர்த்துகலிலும், விடியற்காலை நான்கு மணியளவில் ஸ்பெயினிலும் பெருங்கம்பிகள் முழுதும் உயிர்பெற்றன.

மின்சாரத்தை உண்டாக்குவதைக் காட்டிலும் அதை யாருக்கு, எப்போது, எவ்வளவு கொடுப்பது என்பதுதான் இப்படிக் கட்டமைப்பை மீட்டெழுப்பும் வேளையில் பெரிய சங்கடம். சாதாரண நாளில் முறைபோட்டு ஓடும் குளிர்ப்பெட்டிகளும் ஏ.சி.களும் நெடுநேர இருளுக்குப் பின் ஒருங்கே பசித்து எழுவதால், ஒரு தெருவுக்கு வழக்கமான பளுவை எண்ணி இணைப்புக் கொடுத்தால் அதைவிடப் பன்மடங்கு இழுத்து, இளங்கன்றுபோல் நிற்கும் சிறு கட்டமைப்பை அது மறுபடி வீழ்த்திவிடக்கூடும். பளு மிகக் குறைந்தாலும் ஆபத்துத்தான். வெறுமையாகக் கிடக்கும் நீண்ட கம்பிகளில் மின்னழுத்தம் வரம்பு மீறும். ஆகையால் சற்றுப் பொறுக்கக்கூடிய தண்ணீர் பம்பு, வெந்நீர்க் கொதிகலன், மின்வாகனம் ஆகியவையும், கொள்ளவும் கொடுக்கவும் வல்ல பெரிய பாட்டரிகளும் இப்போது பொறியாளர் கண்ணில் படுகின்றன. தானே சுருதி கூட்டும் இன்வெர்ட்டர்களும் வந்துள்ளன. ஊர்ப்புறச் சிறு நிலையங்களைக் கொண்டே கீழிருந்து மேலாகக் கட்டமைப்பை எழுப்ப இயலுமா என்று பிரிட்டனில் 'டிஸ்ட்ரிபியூட்டட் ரீஸ்டார்ட்' என்ற முயற்சி சோதித்தது.

ஆயினும் ஆயிரமாயிரம் சாதனங்களுக்கு உத்தரவு அனுப்பும் தொலைபேசிக் கோபுரங்களே, இருள் நீடித்தால், ஓய்ந்துவிடுகின்றன; அன்று ஐபீரியாவிலும் அதுவே நேர்ந்தது. ஆகவே, உத்தரவுக்குக் காத்திராமல் கட்டமைப்பின் சுருதியை, அதாவது அலைவெண்ணை, தாமே உணர்ந்து ஒதுங்கும் சாதனங்களையே நான் அதிகம் நம்புவேன். நம் வீட்டு ஏ.சி.யின் ஸ்டெபிலைசரும் மின்சாரம் வந்த பிறகு மூன்று நிமிஷம்போலத் தாமதிக்கிறது. கம்பிரஸரைக் காக்கச் செய்த ஏற்பாடு அது. ஆனால் எல்லா வீட்டிலும் அதே மூன்று நிமிஷம் என்றால், எல்லாம் சேர்ந்தல்லவா விழித்துக்கொள்ளும்!